கல்லும் மரமும் கோரையும்



பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுண்ணக்கட்டி பிடித்த ஒருவன், வீட்டின் உள்ளழகைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே, இவனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது நியாயமே. சென்ற ஆண்டு வரையில் எனக்கும் அதற்கும் தொடர்பு இருந்ததில்லை. என் மகன் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியில் வீடு வாங்கினான். அதன் உட்புறத்தை அமைக்கும் பொறுப்பில் ஒரு பகுதி என்னிடம் வந்து சேர்ந்தது. அப்பொழுது கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் உள்ளலங்காரம் செய்யும் ஒருவர் வந்தார். பெட்டி நிறைய மாதிரித் தகடுகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று தேக்குப் போல இருந்தது. அது மரவரி அச்சிட்ட காகிதம். ஒன்று பளிங்குபோல இருந்தது. அது நெகிழிப் பலகை. இன்னொன்று கருங்கல் போல, வேறொன்று மூங்கில் போல. யாவற்றையும் பார்த்துவிட்டு என் மருமகள், "மாமா, இவற்றுள் ஒன்றாவது தான் எதுவோ அதுவாகவே இருக்கிறதா?" என்று கேட்டாள். வந்தவர் சிரித்துவிட்டார். ஆயினும் எனக்கு அந்தக் கேள்வி மனத்தில் தைத்தது.

அவள் அவ்வாறு கேட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் பேரனுக்கு ஆறு வயது. அவனுக்கு இளைப்பு நோய் இருக்கிறது. தூசியும் கடுமையான நெடியும் அவனுக்கு ஆகா என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் பலகைகள் பலவற்றில் யூரியா-பார்மால்டிஹைடு என்னும் பிசின் சேர்க்கப்படுகிறது. அப்பிசினிலிருந்து பார்மால்டிஹைடு வாயு சிறிது சிறிதாக வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்தால் இன்னும் மிகுதியாக வெளிப்படும். கண் கரிப்பதும் தொண்டை அறுப்பதும் அதனால் உண்டாகலாம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அவ்வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையில் 2004ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. மிகக் குறைவாக வாயு வெளிவிடும் பலகைகளும் இன்று கிடைக்கின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. ஆனால் கேட்டு வாங்க வேண்டும். சென்னையின் வெப்பமும் ஈரமும் உங்களுக்குத் தெரியும். எனவே இயன்றவரையில் கல், சுண்ணாம்பு, மரம், கோரை ஆகியவற்றைக் கொண்டே வீட்டை அமைப்பது என்று முடிவு செய்தோம்.

தரையிலிருந்து தொடங்குகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்த பெரியவர் ஒருவர், எதையும் சொல்லும் முன் மாணவனைத் தொட்டுப் பார்க்கச் செய்ய வேண்டும் என்பார். அதன்படி எட்டாம் வகுப்பில் நான் ஆண்டுதோறும் ஒரு சோதனை நடத்துவதுண்டு. ஒரு கருங்கல் துண்டையும் ஒரு மரப்பலகையையும் முதல்நாளே மேசைமேல் வைத்துவிடுவேன். மறுநாள் ஒரு கையைக் கல்லின்மேலும் ஒரு கையைப் பலகையின்மேலும் வைக்கச் சொல்லி, எது குளிர்ச்சி என்று கேட்பேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "கல்" என்னும். பிறகு வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்கும். மாணவர்களுக்கு என்மேல் ஐயமே வந்துவிடும்.

உண்மை என்னவெனில், நம் உள்ளங்கை அந்த அறையைக் காட்டிலும் சற்றே சூடானது. கல் வெப்பத்தை விரைந்து கடத்தும், மரம் கடத்தாது. கருங்கல்லின் கடத்தும் திறன் மரத்தினுடையதைப் போலப் பத்து, பதினைந்து மடங்கு. ஆதலால் கல் நம் கையின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அந்த இழப்பையே நாம் குளிர்ச்சி என்கிறோம். அதே கல் திறந்த மாடியில் சித்திரை வெயிலில் கிடந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். மரத்தைவிடக் கல்லே காலைப் பொசுக்கும். நிழலில் உள்ள தரைக்குக் கல், உட்காரும் இடத்துக்கும் சாயும் இடத்துக்கும் மரம் என்று நம் முன்னோர் வகுத்ததில் இந்தப் பௌதிகம் அடங்கியிருக்கிறது.

எந்தக் கல் என்பது அடுத்த கேள்வி. பளிங்கும் கடப்பைக் கல்லும் பார்வைக்கு வெவ்வேறானவை. ஒன்று வெண்மை, மற்றொன்று கருமை. எனினும் இரண்டும் ஒரே குலத்தவை. இரண்டிலும் முதன்மையான பொருள் கால்சியம் கார்பனேட்டு. கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல்வகை. அத்தகைய கல்லே நிலத்தின் ஆழத்தில் பெரும் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறினால் பளிங்காகும். கிருட்டிணகிரிப் பக்கத்தில் வெட்டி எடுக்கும் கருங்கல்லோ வேறு குலம். அது பூமிக்குள் உருகிய குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியது. எலுமிச்சைச் சாறு ஒரு துளி போதும், இவற்றின் குலத்தைக் காட்டிக்கொடுக்க. கருங்கல்லில் அது துடைத்தவுடன் போய்விடும். பளிங்கிலோ கடப்பையிலோ அமிலம் கல்லையே சிறிது கரைத்து, மெருகை அழித்து, மங்கிய வட்டமொன்றை விட்டுச் செல்லும். புளியும் எலுமிச்சையும் தயிரும் நாள்தோறும் புழங்குகிற நம் சமையலறை மேடைக்குப் பளிங்கு பதிப்பது, அழகுக்காகப் பட்டுப் புடவையோடு நெல் குற்றுவதை ஒக்கும். நாங்கள் மேடைக்குக் கருங்கல்லையும் சன்னல் திண்டுகளுக்குக் கடப்பையையும் வைத்தோம்.

இங்கே ஒன்று நிகழ்ந்தது. மேடைக்கான கல்லை அறுக்க ஓர் இளைஞன் வந்தான். வயது இருபதுக்கு மேல் இராது. முகப்பு மாடத்தில் அமர்ந்து, மின்வாளால் உலர்ந்த கல்லை அறுக்கத் தொடங்கினான். சிறிது நேரத்தில் அவன் உருவமே தெரியாதபடி வெண்புகை சூழ்ந்தது. மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தான், அவ்வளவே. கருங்கல்லில் படிகக்கல், அதாவது சிலிக்கா, ஏராளமாக உண்டு. அறுக்கும்பொழுது எழும் தூளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை சென்று தங்கிவிடும். அங்கே தழும்பு ஏறி, நுரையீரல் விரியும் ஆற்றலை இழக்கும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. கைக்குட்டை அத்துகளைத் தடுக்காது. படிகத்தூளைப் பிசினோடு கலந்து செய்யும் செயற்கைக் கற்பலகைகளில் சிலிக்கா இன்னும் மிகுதி. அவற்றை அறுத்த இளந்தொழிலாளர் பலர் நோயுற்றதைக் கண்டு, ஆஸ்திரேலிய நாடு 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் அப்பலகைகளையே தடைசெய்துவிட்டது.

நான் வேலையை நிறுத்தச் சொன்னேன். வேலையை ஒப்பந்தம் எடுத்தவர், "ஐயா, தண்ணீர் விட்டு அறுத்தால் சேறாகும், நேரமும் ஆகும்" என்றார். சேறானால் துடைத்துக்கொள்ளலாம், நேரத்துக்குக் கூலி நாங்கள் தருகிறோம் என்றேன். குழாயிலிருந்து நீர் சொட்டும்படி வைத்து அறுத்ததும் புகை அடங்கிவிட்டது. தொழிலுக்குரிய முகக்கவசம் ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம். அந்தப் பிள்ளை அதை அன்று அணிந்தான். மறுநாள் வேறு வீட்டில் அணிந்தானா என்பதை யார் அறிவார்! என் பேரனின் மூச்சுக்காக இயற்கைப் பொருளைத் தேடிய நான், அதற்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையின் மூச்சை எண்ணாமல் இருந்திருக்கிறேன் என்ற நாணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

கூடத்தின் தரைக்கு ஆத்தங்குடிக் கற்களைத் தேர்ந்தோம். செட்டிநாட்டுப் பகுதியில் நான் சில ஆண்டுகள் பணியாற்றியவன். ஆத்தங்குடி எனக்குப் புதிதன்று. இருந்தும் அக்கற்கள் உருவாவதை ஊன்றிக் கவனித்தது இப்பொழுதுதான். சமதளமான ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் சதுரமான ஓர் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூவும் கொடியுமாக அறைகள் வகுத்த ஓர் உலோக அச்சு. வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஊற்றுகிறார்கள். பின்னர் அச்சை மெல்லத் தூக்கிவிடுகிறார்கள். வண்ணங்கள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கின்றனவேயன்றிக் கலப்பதில்லை. அதுதான் அந்தக் கையின் திறம். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையிட்டு அழுத்திச் சமன் செய்து, மறுநாள் நீர்த்தொட்டியில் இறக்கிச் சில நாள் ஊறவிடுகிறார்கள். சூளையும் நெருப்பும் இல்லை. எடுத்துக் காயவைக்கும்பொழுது கண்ணாடி தானே விலகிவிடும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகமே கல்லின் மேல்முகம். கண்ணாடியின் வழவழப்பை அது அப்படியே வாங்கிக்கொள்கிறது. நடக்க நடக்க மெருகு ஏறும்.

சிமெண்டு இயற்கைப் பொருளா என்று நீங்கள் மடக்கலாம். அன்று என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேறொன்றாக நடிப்பதில்லை. என் மருமகளின் சோதனையில் அது தேறிவிட்டது.

நான்காவது மாடியில் தரை போடுவோர் நிறையையும் கணக்கிட வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் தடிப்புள்ள கருங்கல், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ இருக்கும். அதன் அடியில் ஐந்து சென்டிமீட்டர் கலவை இட்டால் அது இன்னும் ஏறக்குறைய 100 கிலோ. நிலத்தின்மேல் எழுந்த பழைய வீடுகளுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. ஏற்கெனவே ஓடு பதித்த மாடித்தரையின்மேல் இன்னொரு தரையைப் போடுவதற்கு முன் பொறியாளரைக் கேட்பது கட்டாயம். எங்கள் பொறியாளர் பழைய ஓடுகளையும் கலவையையும் பெயர்த்தெடுத்த பின்னரே புதிய கல்லைப் பதிக்க வேண்டும் என்றார். செலவு கூடிற்று. கூடத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

இனிச் சுவர். செட்டிநாட்டு வீடுகளில் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு மறக்காது. சுண்ணாம்பு, நுண்மணல், முட்டை வெண்கரு, வெல்லம், கடுக்காய் ஊறிய நீர் முதலியவற்றைச் சேர்த்தரைத்து, பல படலங்களாகப் பூசித் தேய்த்தவை அவை. அவற்றின் அடிப்படை சுண்ணாம்பு. அதன் வரலாறு ஒரு வட்டம். கால்சியம் கார்பனேட்டான கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். (அந்தக் கொதிப்பு கண்ணைக் கெடுக்கும்; மாணவர்கள் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டா.) சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை அது மறுபடியும் உட்கொண்டு, நாளடைவில் கல்லாகிவிடும். கல்லிலிருந்து புறப்பட்டுக் கல்லாகவே திரும்புகிறது. புதிய சுண்ணாம்புக்குக் காரத்தன்மை மிகுதியாதலால் பூஞ்சை அதில் எளிதில் பற்றாது. சுவரின் ஈரமும் அதன் நுண்துளைகள் வழியாக வெளியேறும்.

இந்த வட்டத்தைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். இருந்தும் என் சொந்த வீட்டுச் சுவரில் தவறினேன். கல்லாவதற்குக் காற்று மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். கொத்தனார் ஒரு வாரம் நீர் தெளித்துக் காக்க வேண்டும் என்றார். நானோ புகுவிழாவுக்கு நாள் குறித்தாயிற்று என்று அவசரப்பட்டு, சன்னல்களைத் திறந்து மின்விசிறியையும் சுழலவிட்டேன். சுவர் இரண்டே நாளில் காய்ந்தது, கல்லாகவில்லை. மேற்குச் சுவரில் கை வைத்தால் இன்றும் வெண்பொடி ஒட்டும். மழைக்காலம் வந்ததும் அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசுவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார். தூசி ஆகாத பேரனை அந்தச் சுவர்ப்பக்கம் படுக்கவிடாமல் காத்துவருகிறோம்.

மரத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆங்கிலேயர் தேக்கைக் குறிக்க வழங்கும் "டீக்" என்னும் சொல், மலையாளத்தில் வழங்கும் நம் "தேக்கு" என்பதே போர்த்துக்கீசியர் வாய்வழியாகச் சென்றது. கேரளத்து நிலம்பூரில் தேக்கைத் திட்டமிட்டுப் பயிரிடும் பணி 1840களிலேயே தொடங்கிற்று. செட்டிநாட்டுத் தூண்களோ பெரும்பாலும் பர்மாத் தேக்கு. வணிகர் கப்பலேற்றிக் கொண்டுவந்தவை. அந்நாடு உருட்டுமரமாக ஏற்றுமதி செய்வதை 2014இல் நிறுத்திவிட்டது. தேக்கின் உள்ளே இயல்பாகவே ஓர் எண்ணெய்ப் பசை உண்டு. கறையான் அதை விரும்புவதில்லை. கருமை கலந்த ஈட்டி மரம் இன்னும் அழகுடையது. ஆனால் அவ்வினம் முழுவதும் 2017ஆம் ஆண்டு ஜனவரி முதல் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. அந்த ஆசையை நாங்கள் விட்டுவிட்டோம்.

புதுத்தேக்கு எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆதலால் காரைக்குடியில், பழைய வீட்டுப் பொருள்கள் விற்கும் முனீசுவரன் கோயில் தெருவுக்கு நானும் மருமகளும் சென்றோம். தூண்கள், நிலைகள், ஊஞ்சற் பலகைகள், கடிகாரங்கள், பீங்கான்கள் எல்லாம் மலைபோலக் குவிந்திருந்தன. ஒரு கடையில் இரட்டைக் கதவோடு ஒரு நிலை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேற்கட்டையில் கசலட்சுமி, இரு புறமும் அன்னங்கள். என் மருமகள் அதன் எதிரே நின்றுவிட்டாள். எந்த ஊர் வீட்டினுடையது என்று கேட்டேன். "இங்கே வந்தபிறகு அதற்கு ஊரேது ஐயா!" என்றார் கடைக்காரர்.

அதை வாங்கக் கூடாது என்றேன் நான். "நாம் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்கி மேல்நாட்டுக்கு அனுப்பிவிடுவார், மாமா, நம் வீட்டில் இருந்தால் மஞ்சளும் குங்குமமுமாவது வைப்போமே" என்றாள் அவள். அவள் வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் நான் அவ்வூர்களில் இருந்தவன். அண்ணன் தம்பி பிள்ளைகள் எனப் பங்காளிகள் பெருகி, வீடு பூட்டிக் கிடந்து, பின் சட்டம் சட்டமாகக் கழன்று போனதைக் கண்டிருக்கிறேன். நிலை என்பது ஒரு வாசலுக்கென்று செய்தது. கதவும் நிலையும் விலைபோகும் என்பதனாலேயே இடிபடுகிற வீடும் உண்டு. முடிவில், செதுக்கல் எதுவும் இல்லாத பழைய உத்திரங்கள் மூன்றை வாங்கினோம். உத்திரம் வெறும் மரம். அது எங்கும் போகலாம். என் தீர்ப்பு சரியா என்பதில் எனக்கே முழு நிச்சயம் இல்லை. மருமகள் இன்றும் அந்தக் கசலட்சுமியைப் பற்றிப் பேசுவதுண்டு.

உத்திரத்தை அறுத்துப் பலகையாக்கியதும் எங்கள் ஆசாரி அதைத் தொடவே இல்லை. பலகைகளுக்கு இடையே குச்சிகள் வைத்து அடுக்கி, மூன்று வாரம் நிழலில் கிடத்தினார். எத்தனை ஆண்டு முதிர்ந்ததாயினும், அறுத்தவுடன் மரம் உள்ளிறுக்கம் தளர்ந்து சற்றே வளையும் என்றார். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது. அகலவாக்கில்தான் மழையில் பருத்துக் கோடையில் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் மாற்றம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் இரு மடங்கு. ஆகவே கதவின் நடுப்பலகையை ஆணியடித்து இறுக்கினால் அது வெடித்துவிடும். சட்டத்தில் காடி எடுத்து, அதற்குள் பலகையைப் பசையின்றிச் செருகிவிட்டால் அது தன் விருப்பம்போல் பருத்துச் சுருங்கும், கதவும் கோணாது. உத்திரத்துக்குள் ஒடிந்திருந்த பழைய ஆணியொன்று அவருடைய இழைப்புளியின் வாயைப் பேர்த்துவிட்டது. அதற்கான விலையை அவர் வாங்க மறுத்தார். நாங்கள் வற்புறுத்திக் கொடுத்தோம்.

மெருகுக்கு அவர் அரக்கைக் கையாண்டார். மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. சாராயத்தில் கரைத்துத் துணியால் பல முறை தேய்ப்பார்கள். ஒளி ஆழத்திலிருந்து வருவதுபோலத் தோன்றும். ஆனால் சூடான பாத்திரத்தை வைத்தால் வெள்ளைத் தழும்பு விழும். உணவு மேசைக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் பூசினார். அவ்வெண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து இறுகும்பொழுது வெப்பம் பிறக்கும். எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே தீப்பற்றிக்கொள்வதுண்டு. அவர் ஒவ்வொரு துணியையும் விரித்துக் கொடியில் உலர்த்தியதை நான் கவனித்தேன். இயற்கைப் பொருளாயினும் அதற்கும் நெடி உண்டு. அது அடங்கும்வரை ஒரு மாதம் பேரனை அவ்வீட்டுக்கு அழைத்து வரவில்லை.

கம்பளம் வேண்டா, அது தூசியைச் சேர்க்கும் என்பதால், பத்தமடைப் பாய்களை விரித்தோம். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, கீறி, ஆற்று நீரில் ஊறவைத்துக் காயவைத்து நெய்கிறார்கள். கோரையை எவ்வளவு மெல்லியதாகக் கீறுகிறார்களோ அவ்வளவுக்குப் பாய் துணிபோல மடியும். ஜப்பானியரும் ஒருவகைக் கோரையால் வேய்ந்த "தத்தாமி" விரிப்புகளைத் தரையாகவே பரப்புகின்றனர். அறையின் பரப்பையே இத்தனை விரிப்பு என்று எண்ணிச் சொல்வது அங்கே வழக்கம். நம் பாயைச் சுருட்டி எடுக்கலாம். அவர்களுடையது கிடந்த இடத்திலேயே கிடக்கும். பாயைத் திங்களுக்கு ஒருமுறையாவது வெயிலில் உலர்த்த வேண்டும். இன்றேல் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். எங்கள் வீட்டில் அப்பணி என்னுடையது.

கூடத்தின் கிழக்குச் சன்னலில் உள்ள கடப்பைத் திண்டின்மேல், அரை நாணய அளவில் ஒரு மங்கிய வட்டம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். எலுமிச்சைச் சாறு பருகிவிட்டு, பிழிந்த மூடியை அங்கே வைத்தவன் நான்தான்.